கவர்னர் வைத்த மூலைக்கல்

“துரோகி வர்றான், வழி விடுங்கடா!”

தோர்வால்ட் போட்ட சத்தத்தில் பாண்டு வாத்தியமே ஒரு கணம் தடுமாறியது.

காரிலிருந்து கறுப்புக் கோட்டும் உயரத் தொப்பியுமாக இறங்கினார் கவர்னர் எய்னார் ப்ரெக்கே. மாநிலத்தின் புதிய ஆஸ்பத்திரிக்கு அன்று மூலைக்கல் நாட்டு விழா. வேலிக்கு உள்ளே பெரிய மனிதர்கள். வெளியே, தோர்வால்டும் வேலைநிறுத்தம் செய்யும் மற்றக் கொத்தனார்களும்.

போன மாதம் சாரம் சரிந்து அவர்களில் ஒருவனான நில்ஸ் செத்துப்போனான். “உறுதியான சாரம் கட்டிக் கொடு, ஏறுகிறோம்” என்றார்கள். “கேட்டவன் எல்லாம் வெளியே போ” என்றார் கான்ட்ராக்டர் விட்கோம்ப். சொன்ன கையோடு வேறு ஊரிலிருந்து இத்தாலிக்காரக் கொத்தனார்களை ரயிலில் இறக்கிவிட்டார்.

கவர்னர் நியாயம் கேட்கப் போனார். விட்கோம்ப் கோர்ட்டுக்குப் போனார். ஒப்பந்த விஷயத்தில் கவர்னர் தலையிடக் கூடாது என்று தடை வந்துவிட்டது.

அதோடு விட்டிருந்தால்கூட தோர்வால்டுக்கு இவ்வளவு எரிந்திருக்காது. அதே விட்கோம்ப் கூப்பிட்டான் என்று கல் நாட்ட வந்து நிற்கிறானே!

“டேய் எய்னார்! நானும் நீயும் நார்வேயிலேர்ந்து இந்த நாட்டுக்குக் கொத்து வேலைக்கு ஒரே கப்பல்ல வந்தோம், ஞாபகம் இருக்கா?”

கவர்னர் திரும்பவில்லை.

“முதல் வருஷம் அந்த மேஸ்திரி நம்ம கையில சுவர் நேர் பார்க்கிற நூலே குடுக்கலையே. ‘கப்பல்ல வந்தவனுக்கு நூல் கிடையாது, கல்லு சுமடா’ன்னானே. மூலைக்கல் வெச்சவன் யார் கையில நூலைக் குடுக்கிறானோ அவன்தான் சுவர்ல கை வைக்கணும், அதுதான் கொத்தன் வழக்கம்னு பனியில நின்னோமே. அந்த நூலுக்காக மல்லுக்கு நின்னவன் நீதானேடா! இப்ப நில்ஸ் ரத்தம் காயல, அதுக்கு மேல கல்லு வைக்கப் போறியா?”

கவர்னர் நடந்துகொண்டே இருந்தார்.

தோர்வால்ட் வேலியோரம் இருந்த தொட்டியில் கையை விட்டான். ஈரக் கலவையை ஒரு கை அள்ளி வீசினான். கவர்னரின் முதுகில் சொத்தென்று ஒட்டியது.

போலீஸ்காரர் தடியை உருவினார்.

“விடுங்க” என்றார் கவர்னர். துடைத்துக்கொள்ளவும் இல்லை.

மேடைப் பக்கம் ஒரே சிரிப்பு. “பார்த்தீங்களா, அவங்க ஆளுங்களே மரியாதை பண்றாங்க” என்றார் ஒருவர். “கொத்தன் கோட்டுக்குக் கலவைதான் பொருத்தம்” என்றார் இன்னொருவர்.

விட்கோம்ப் பல்லெல்லாம் தெரிய வெள்ளியில் செய்த கொத்துக் கரண்டியை நீட்டினார். “சும்மா தொட்டா போதும், கவர்னர் சார். மீதியை என் ஆளுங்க பார்த்துப்பாங்க.”

கவர்னர் தொட்டதோடு விடவில்லை. தொப்பியைக் கழற்றி விட்கோம்பின் கையிலேயே கொடுத்தார். மண்டியிட்டார். கலவையைப் பரப்பி, கல்லை இறக்கி, நாலு பக்கமும் தட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்தார்.

‘பாவி, எவ்வளவு ஒழுங்கா வைக்கிறான்!’ தோர்வால்டுக்கு அழுகை முட்டியது.

கவர்னர் எழுந்தார். கோட்டுப் பையிலிருந்து ஒரு பழைய நூல்கண்டை எடுத்தார். ஒரு முனையைக் கல்லின் மூலையில் கட்டினார். கண்டைப் பிரித்துக்கொண்டே நடந்தார், நேராக வேலியை நோக்கி.

பாண்டு நின்றுபோனது.

“நூலைப் பிடிடா” என்றார்.

தோர்வால்டின் கை தானாக நீண்டது. நூல்கண்டு அதில் வந்து உட்கார்ந்தது.

விட்கோம்புக்குச் சுருக்கென்றது. “என்ன விளையாட்டு இது? டேய், நீங்க வேலையை ஆரம்பிங்கடா!”

இத்தாலிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் மூத்தவரான ஜெலிந்தோ கரண்டியைக் கீழே வைத்தார்.

“மன்னிக்கணும் முதலாளி. பசிக்கு வந்தோம், வாஸ்தவம்தான். ஆனா மூலைக்கல் வெச்சவர் இன்னொருத்தர் கையில நூலைக் குடுத்துட்டார். அதுக்கு மேல நாங்க கை வெச்சா எந்த ஊர்லயும் கொத்தனார்னு சொல்லிக்க முடியாது.”

பின்னால் ஒவ்வொரு கரண்டியாகக் கீழே இறங்கியது.

“கோர்ட் தடை இருக்கு!” விட்கோம்ப் கத்தினார். “கவர்னர் தலையிடக் கூடாதுன்னு நீதிபதியே எழுதியிருக்கார்!”

“கவர்னர் எங்கேய்யா தலையிட்டார்?” எய்னார் ப்ரெக்கே திரும்பினார். “ஒரு கொத்தன் கல்லு வெச்சான். கொத்தனுக்குத் தடை இருந்தா காட்டுங்க, இங்கேயே உட்கார்ந்து படிக்கிறேன்.”

விட்கோம்ப் கையிலிருந்த தொப்பியைக் கசக்கினார்.

“கப்பல்ல வந்தவன்தான் நான். அவனைத்தான் கல்லு வைக்கக் கூப்பிட்டீங்க, வெச்சுட்டேன். இனிமே நீங்க நல்ல சாரமாக் கட்டுங்க, இவங்க ஏறுவாங்க. கட்ட முடியாதுன்னா இந்த ஒத்தக் கல்லோட உங்க ஆஸ்பத்திரி நிக்கட்டும்.”

தோர்வால்ட் நூல்கண்டை மார்போடு அணைத்துக்கொண்டான். “எய்னார்... நான்... உன் கோட்டு...”

கவர்னர் கோட்டைக் கழற்றினார். முதுகில் ஒட்டியிருந்த கலவையை வெள்ளிக் கரண்டியால் வழித்தெடுத்து அவனிடம் நீட்டினார்.

“இனிமே இதைச் சுவத்துல பூசுடா.”