பிரிக்காத பெட்டி

கர்ர்ர்ரென்று ஓர் இரைச்சல் கேட்டது.

"யாருங்க அது?" என்றது அட்டைப்பெட்டிக்குள் இருந்த புதுக் கணினி.

"பழைய கணினிதான்பா. ஃபேன் இரையுது."

"அண்ணே, என்னை எப்பப் பிரிப்பாங்க? இப்படியே கிடந்தா நானும் பழசாயிடுவேனே!"

"செலவழிக்காட்டி ஒதுக்கின பணம் திரும்பிப் போயிடும்னு மார்ச்சுல மத்திய சர்க்கார் உன்னை வாங்கிப் போட்டுது. வேலையை உனக்கு மாத்தவும் பணம் வேணும்ல? அதை என் ரிப்பேரே தின்னுடுது."

"நீங்க நின்னுட்டா?"

பழசுக்கும் அதைத் தெரிந்துகொள்ள ஆசை. பென்ஷன் பட்டியலைப் பாதியில் விட்டு நின்றது.

ஆட்கள் ஓடிவந்தார்கள். பெட்டியைப் பிரித்தார்கள்.

"அண்ணே, வெளிச்சம்!" என்றது புதுசு.

அதன் பவர் சப்ளையைக் கழற்றிப் பழசில் மாட்டினார்கள். பெட்டியை மறுபடி ஒட்டினார்கள்.

"தம்பி?" என்றது பழசு. பதில் இல்லை. கொஞ்சம் காத்திருந்துவிட்டு, மிச்சப் பட்டியலை அடிக்கத் தொடங்கியது.