பதில் இல்லாத வரி

"வைரஸ், மறுபடியும் மூடிக்கிச்சுப்பா."

அக்கா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மவுசை அசைத்தாள். பிரவுசர் இருந்த இடத்தில் வெறும் நீலத் திரைதான் இருந்தது.

மனம் உடைந்தவர்கள் பெயர் சொல்லாமல் எழுதிப் பேசுகிற உதவி மையம் அது. மதிய ஷிப்டில் அவள் ஒருத்திதான். அங்கே எல்லோருக்கும் அவள் அக்கா. கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் இளைஞன் எல்லோருக்கும் வைரஸ். அவன் உள்ளே வந்தாலே ஏதாவது ஒரு கணினி படுத்துவிடும் என்று யாரோ ஆரம்பித்த கேலி. அவனும் சேர்ந்து சிரிப்பான்.

"லீவு நாள்ல தொந்தரவு பண்றேன். உடம்பு எப்படி இருக்கு?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லக்கா. சும்மாதான் உட்கார்ந்திருக்கேன். எப்ப மூடுது?"

"சாட் பக்கத்தைத் திறந்ததுமே. ஒருத்தர் காத்துக்கிட்டு இருக்காங்க. ஒரே ஒரு வரிதான் எழுதினாங்க. நான் பதில் அடிக்கிறதுக்குள்ள மூடிக்கிச்சு. திறந்தா திரும்ப மூடுது. தேடி வந்தவங்களைப் பார்த்ததும் கதவைச் சாத்தின மாதிரி இருக்காதா அவங்களுக்கு?"

அவள் போனை மறு தோளுக்கு மாற்றினாள்.

"லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். என்ன எழுதினாங்க?"

"அதைச் சொல்லக் கூடாதுன்னு உனக்கே தெரியும்."

அந்த வரி அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. 'நான் இல்லாவிட்டால் யாருக்கும் எந்த வேலையும் நின்றுவிடாது.' அழுதுகொண்டு எழுதுகிறவர்களிடம் அவளுக்குப் பயமில்லை. இப்படி நிதானமாக எழுதுகிறவர்களிடம்தான் பயம்.

"சரிக்கா. சாட்டைத் தொடாதீங்க. பிரவுசரை மட்டும் திறந்து, பிளக்-இன், அதான் பிரவுசரோட சேர்த்துவச்ச குட்டி புரோகிராமெல்லாம் இருக்கிற பக்கத்துக்குப் போங்க. என்னென்ன இருக்குன்னு படிங்க."

"எழுத்தைப் பெருசாக்கிக் காட்டுறது. அது என்னோடது, கண்ணாடியை மறந்துட்டு வர்ற நாளுக்கு. அப்புறம் அகராதி. தள்ளுபடி தேடித் தர்றது..."

"நம்ம ஆபீஸ்ல தள்ளுபடி தேடுறது யாரு?"

"காலை ஷிப்ட் தங்கச்சிதான். செருப்பு வாங்கப் போட்டிருப்பா. அப்புறம் லாகின் பூட்டு. கடைசியா உன்னோட ரெடி பதில்."

ரெடி பதில், மேலாளர் கேட்டதற்காக அவனே எழுதிக் கொடுத்த பிளக்-இன். வருகிற வரியைப் படித்து, அதற்குப் பொருத்தமான பதிலை ஓரத்தில் காட்டும். ஒரு தட்டு தட்டினால் பதில் போய்விடும். நேரம் மிச்சம்.

"முதல்ல தள்ளுபடியை நிறுத்துங்க. எல்லாப் பக்கத்துலயும் மூக்கை நுழைக்கிறது அதுதான்."

அவள் நிறுத்தினாள். சாட்டைத் திறந்தாள். அந்த ஒற்றை வரி ஒரு கணம் தெரிந்தது. உடனே திரை நீலமானது.

"போச்சு. பேசாம எல்லாத்தையும் நிறுத்திடவா?"

"பூட்டும் நின்னா சாட்டே திறக்காதுக்கா. பொறுங்க. மூடுறதுக்கு முன்னாடி ஓரத்துல பதில் ஏதாவது காட்டுச்சா?"

"இல்லையே. சக்கரம்தான் சுத்திக்கிட்டே இருந்துச்சு."

"ஓ." அவன் பெருமூச்சு விட்டது கேட்டது. "அப்ப அது என் தப்பு. பொருத்தமான பதில் கிடைக்கலைன்னா எங்கே நிறுத்தணும்னு நான் அதுக்கு எழுதவே இல்ல. தேடிக்கிட்டே இருக்கும். மெமரியையெல்லாம் தின்னுட்டு, பிரவுசரையும் இழுத்துக்கிட்டு விழுந்துடும். யார் எதை எழுதினாலும் ஏதாவது ஒரு பதில் இருக்கும்னு நினைச்சிட்டேன்."

"அதை நிறுத்திடவா?"

"நிறுத்துங்க. ஒரு தடவை கணினியை அணைச்சுப் போடுங்க."

கணினி மெதுவாக உயிர்பெற்றது. அவள் விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"பாஸ்வேர்டையெல்லாம் மேலாளர்கிட்ட ஒப்படைச்சிட்டியாமே? வேற வேலை கிடைச்சிருச்சா?"

"அப்படித்தான்னு வச்சுக்கங்க."

"கமுக்கமா இருந்தே காரியத்தை முடிச்சிட்டியே. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? போற இடத்துலயாவது ஒழுங்கான பேர் வைப்பாங்களான்னு பாரு."

அவன் சிரிக்கவில்லை.

"கேலி இல்லப்பா. இப்ப நீ போனை எடுக்காம இருந்திருந்தா என் வேலை அப்படியே நின்னு போயிருக்கும். உள்ளே ஓர் உயிர் காத்துக்கிட்டு இருக்கு. இதுக்கு நான் வேற யாரைக் கூப்பிடுவேன், சொல்லு."

போனில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"தம்பி?"

"சொல்லுங்கக்கா."

"பக்கம் வந்துடுச்சு. நிக்குது. மூடல."

"அப்ப வைக்கட்டுமா?"

"இரு, வைக்காதே. அவங்க இன்னும் இருக்காங்களான்னு பார்த்துடறேன்."

அவள் இரண்டு கையாலும் அவசரமாக அடித்தாள். 'மன்னிச்சுடுங்க, இங்கே பிரவுசர் பழுதாகிடுச்சு. உங்களை விட்டுட்டுப் போகல. இருக்கீங்களா?'

காத்திருந்தாள். தோளில் இடுக்கியிருந்த போனில், யாரோ கீபோர்டைத் தட்டும் சத்தம் மெல்லக் கேட்டது. பிறகு நின்றது.

திரையில் புதிய வரி வந்தது.

'இருக்கேன். ரெடி பதிலை மட்டும் மறுபடி ஆன் பண்ணிடாதீங்கக்கா. நீங்களே எழுதுங்க.'