மிச்சம் வைத்த புட்டி

ஆய்வகத் தரையெங்கும் சிதறிக் கிடக்கும் கண்ணாடிச் சில்லுகளில் மத்தியான வெயில் கண்ணைக் குத்துகிறது. கொட்டிய காய்ச்சல் மருந்தின், மாசிபத்திரி மூலிகைச் சாற்றின் நெடி மூக்கை அறுக்கிறது. நேற்று மனைவியைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவன், ஆராய்ச்சிக்காரியின் வெள்ளைக் கோட்டைக் கொத்தாகப் பிடித்து அவளை அலமாரியில் மோதுகிறான். சில்லு கிழித்த அவன் உள்ளங்கை கோட்டில் ரத்தத்தை அப்புகிறது. "பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் தண்ணியாமே! எம் பொண்டாட்டிக்கு எதைடி ஊத்துன?" "எனக்கே தெரியாதுண்ணா... புட்டியில வெறும் நம்பர்தான் இருக்கும். சோதனை முடியற வரைக்கும் யாருக்குமே தெரியாது." "குடிச்சுப் பாத்துச் சொல்லு!" மனைவி மிச்சம் வைத்த புட்டியை அவள் பல்லில் இடித்து வாய்க்குள் திணிக்கிறான். உதடு கிழிகிறது. அடித்தொண்டை வரை கசக்கிறது. அவன் இமைக்காமல் அவள் வாயையே பார்க்கிறான். வெறும் தண்ணீரும் அச்சாக மருந்தைப் போலவே கசக்க வேண்டுமென்று பார்த்துப் பார்த்துக் கலந்தவள் அவள்தான்.