பென்சில் திருத்தம்

பாட்டு டீச்சரின் கணவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். வீட்டிலும் பென்சில் இல்லாமல் எந்தப் புத்தகத்தையும் தொடமாட்டார். அவர் இறந்து மூன்று வருடமாகியும் டீச்சருக்கு ஜெபிக்க வாயே எழவில்லை. அன்று சர்ச் புத்தகக் கடையில் இரண்டு புத்தகங்களோடு வெகுநேரம் நின்றாள். ஒன்று தினசரி ஜெபங்கள். மற்றது மரணத்துக்குப் பிறகான வாழ்வைப் பற்றியது.

இரண்டாவதைப் புரட்டினாள். விடுபட்ட ஒற்றுகளை யாரோ பென்சிலால் சேர்த்திருந்தார்கள். அந்தக் கோணல் கையெழுத்து அவருடையதேதான். 

"இது யாராவது படிச்ச புத்தகமாம்மா?" என்று கடைக்காரப் பெண்ணிடம் கேட்டாள்.

"இல்லக்கா, போன வாரம்தான் அச்சாகி வந்துச்சு. இப்பதான் கட்டைப் பிரிச்சேன். கிறுக்கியிருந்தா வேற தரட்டுமா?"

"வேண்டாம், இதுவே இருக்கட்டும்."

ஜெபப் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டு வந்து, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தாள். எல்லாம் எழுத்துப் பிழைகள்தான். கருத்தில் கைவைக்கும் ஆள் இல்லை அவர். ஒரே ஒரு வரியில் மட்டும் கைவைத்திருந்தார். 'அங்கே கண்ணீர் இல்லை' என்று அச்சாகியிருந்ததில் 'இல்லை'யை அடித்துவிட்டு, ஓரத்தில் 'குறைவு' என்று எழுதியிருந்தார்.