நடுங்கிய கை

"இந்தக் குடிகாரர்கிட்டயா என் பிள்ளையக் குடுக்கறது?"

மருத்துவமனை நடையில் அன்று எல்லாரையும்விட உரக்கக் கத்தியது நான்தான்.

என் மகள் டனிட்சாவுக்கு ஐந்து வயது. குடலிறக்கம். எங்கள் ஊர் கொச்சபம்பாவில் அந்த ஆபரேஷனுக்கு ஒரு நாள் கிடைக்க ஏழு மாதம் காத்திருந்தோம்.

விடியற்காலையில் வாசல் வரிசையில் நிற்கும்போதே, "பசிக்குதும்மா" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். பக்கத்தில் ஒருத்தி பெரிய பானையில் ஆவி பறக்க அபி விற்றுக்கொண்டிருந்தாள். ஊதாச் சோளக் கஞ்சி. பட்டை, கிராம்பு வாசனை அவளைவிட என்னைத்தான் இழுத்தது. அரை டம்ளர் வாங்கிக் கொடுத்தேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் சாப்பிடத்தானே கூடாது என்றார்கள்? அபியை எங்கள் ஊரில் யாரும் சாப்பிடுவதில்லை. குடிக்கிறோம்.

இருந்தாலும் அவள் உதட்டைச் சால்வை நுனியால் அழுந்தத் துடைத்துவிட்டேன்.

"எதாவது சாப்பிட்டாளா?" நர்ஸ் கேட்டாள்.

"சாப்பிடல சிஸ்டர்."

பத்து வருஷம் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் நான். பொய் சொல்லாமலே பொய் சொல்லத் தெரியும்.

மயக்க மருந்து டாக்டர் எவால்டோ டெர்செரோஸ் வந்தார். நரைத்த மீசை. வந்ததும் டனிட்சாவின் மூக்கைப் பிடித்துத் திருகினார்.

"ஏய் ராணி, உனக்கு எத்தனை பல்லு? ஆ காட்டு. நாக்கை நீட்டு. அடேயப்பா, எங்க வீட்டுப் பூனைகூட இவ்ளோ நீட்டாது!"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"டாக்டர், பாதியில முழிச்சுக்க மாட்டாளே?"

"மாட்டா தாயி. இது வீட்டுல தூங்கற தூக்கம் இல்ல. கிணத்துல இறக்கற மாதிரி, அளவு பாத்துப் பாத்து இறக்குவேன். முதல்ல நினைவு போகும். இன்னும் இறங்கினா வலி தெரியாது. அதுக்கும் கீழ போனா, தொண்டையில நிக்கறானே ஒரு காவக்காரன், அவனும் தூங்கிடுவான். அந்த நேரம் வயித்துல ஏதாவது இருந்தா மேல ஏறி நுரையீரலுக்குள்ள போயிடும். இருமித் துப்பக்கூட அவளால முடியாது."

சொல்லிவிட்டு என்னையே பார்த்தார்.

"சொல்றதுக்கு ஏதாவது இருக்கா தாயி?"

அவர் தலைக்குப் பின்னால் சுவரில் எழுதி ஒட்டியிருந்தது: 'வெறும் வயிற்றோடு வராதவர் பெயர் பட்டியலின் கடைசிக்குப் போகும்.'

மறுபடியும் ஏழு மாதம். அரை டம்ளர்தானே.

"ஒண்ணுமில்ல டாக்டர்."

அவர் ஊசியை எடுத்தார். டனிட்சாவின் கையைப் பிடித்தார். அவர் விரல்கள் வெடவெடவென்று நடுங்கின.

ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார்.

"டாக்டரம்மா, இன்னிக்கி இந்தக் குழந்தைய விட்டுடலாம். என் கை நிக்கல."

கையுறையோடு நின்ற சர்ஜன் அரிஸ்பே அம்மாள் சீறினாள். "நேத்து எத்தனை டம்ளர் சிச்சாக் கள்ளு போட்டீங்க, டாக்டர் எவால்டோ?"

"எண்ணலயே. பெரியவங்க நரம்புன்னா சமாளிச்சிடுவேன். இந்தப் பொடி நரம்பு இன்னிக்கி வேணாம். என் தப்புதான். என் பேர்லயே எழுதிக்குங்க. நாளைக்கு முதல் ஆள் இவ."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நடையில் மற்ற அம்மாக்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஐயோ, பச்சப் புள்ளைய பட்டினி போட்டு அனுப்பறாங்களே!"

"வயசாச்சுன்னா வீட்டுல கெடக்க வேண்டியதுதானே!"

நான் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்காவது சந்தேகம் வராதா? அதனால்தான் கத்தினேன். அவர் வெளியே வரும் நேரம் பார்த்துக் கத்தினேன்.

அவர் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"ராத்திரி நல்லா சாப்பாடு போடு தாயி. அப்புறம் எதுவும் வேணாம். குடிக்கவும் வேணாம்."

மறுநாள் காலை, அழுத டனிட்சாவைத் தூக்கிக்கொண்டு அபிப் பானையை ஓட்டமாகக் கடந்தேன்.

டாக்டர் டெர்செரோஸ் காத்திருந்தார். அவள் கையைப் பிடித்தார். நூல் போன்ற நரம்பு. ஒரே குத்தில் ஊசி ஏறியது. விரலில் நடுக்கமே இல்லை.

நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. டனிட்சாவிடம் குனிந்தார்.

"எங்க ராணி, நாக்கை நீட்டு பாப்போம். அட, இன்னிக்கி ரோஸா இருக்கே! நேத்து ஊதாவால்ல இருந்துச்சு?"