மூன்றாவது தொட்டி

“மூணு தொட்டியும் ஒரே பச்சையா இருக்கே, எப்படி?”

ஆரோக்கிய பிரபு கேட்டான். இருசம்மாள் தலை நிமிராமல் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

ஜெயங்கொண்டம் தாண்டி, முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது ஸ்பைருலினா என்னும் சுருள்பாசியை வளர்க்கும் அந்தப் பண்ணை. அவன் தன் ஆராய்ச்சிக்காக மூன்று தொட்டிகளைக் கேட்டு வாங்கியிருந்தான். முதல் தொட்டிக்கு நைட்ரேட் உப்பு முழு அளவு. இரண்டாவதற்குப் பாதி. மூன்றாவதற்கு எதுவும் கிடையாது. சத்து குறையக் குறையப் பாசி எப்படித் தேய்கிறது என்று அவன் பதிவு செய்ய வேண்டும். மூன்றாவது தொட்டி மஞ்சளாகிச் சாக வேண்டும்.

திங்கட்கிழமைதோறும் பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வந்து, உப்பை நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டுப் போவான். போட்டுக் கலக்குவது இருசம்மாள் வேலை.

“போன தடவையும் இதே கூத்துதான். பொட்டலத்த என்ன பண்ணுனீங்க?”

“மொதத் தொட்டிக்கு உள்ளதுல பாதிய எடுத்து மூணாவதுக்குப் போட்டேன் சார்.”

“அது என்ன உங்க சம்பந்தி வூடா, பங்கு கொண்டுபோய்க் குடுக்க?”

“மஞ்சளாவ ஆரம்பிச்சுது. பாக்க முடியல சார்.”

“மஞ்சளாவட்டும்னுதாங்க வச்சிருக்கேன். அடுத்த மாசம் நான் ஆய்வேட்ட ஒப்படைக்கணும். ஆறு மாச உழைப்பு, மண்ணாப் போச்சு.”

அவள் மறுபடி தண்ணீரைக் கலக்கத் தொடங்கினாள்.

“முதலாளிகிட்ட சொல்லிட்டேன். நாளையிலேருந்து நீங்க வர வேணாம்.”

இருசம்மாள் கை கழுவினாள். சோத்துப் பையை எடுத்துக்கொண்டாள். கேட்டுக்குப் போனவள் நின்று திரும்பினாள்.

“இனிமேயும் அதுக்கு ஒண்ணும் குடுக்க மாட்டீங்களா சார்?”

அவன் நோட்டை எடுத்து எழுதத் தொடங்கினான். அவள் போய்விட்டாள்.

“வேலை போயும் திமிரப் பாத்தீங்களா?” என்றான், பாசியைக் காயப்போட்டுக்கொண்டிருந்த கலியம்மாளிடம். மீன்சுருட்டியில் அவளுக்கும் இருசம்மாளுக்கும் ஒரே தெரு.

கலியம்மாள் கையிலிருந்ததைப் பரப்பி முடித்தாள்.

“அவளுக்கு ரெட்டைப் புள்ள பொறந்துச்சு சார். ரெண்டுக்கும் பால் பத்தல. பாதிப் பாதி குடுத்தா ரெண்டுமே தங்காது, தெம்பா இருக்கற புள்ளைக்கு மட்டும் குடுன்னுட்டாங்க வூட்டுல. அவளும் அப்படியே செஞ்சா.”

மூன்றாவது தொட்டியை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“ஒண்ணு பொழச்சுது சார்.”