கொரின்னா கேட்ட ஒரே கல்லூரி

டொரீனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"ஏம்மா கொரின்னா, நூறு பேர் கேட்டா எட்டுப் பேரைச் சேர்த்துக்கிற கல்லூரி அது. உனக்குக் கண்டிப்பா கிடைக்காது. வேற எதுக்குமே விண்ணப்பம் போடாம இருந்தா எப்படி?"

"அது ஒண்ணு போதும் மிஸ்."

அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடற்கரையில் இருந்த அந்தச் சின்ன ஊர்ப் பள்ளியில், கடைசி வருஷப் பிள்ளைகளுக்குக் கல்லூரி தேடிக் கொடுப்பதுதான் டொரீனின் வேலை. எத்தனையோ பிடிவாதங்களைப் பார்த்தவள். இது தனி ரகம்.

மாநிலக் கல்லூரி இரண்டு இருக்கிறது. இவள் மார்க்குக்கு மறுபேச்சில்லாமல் சேர்த்துக்கொள்வார்கள். என்ன, காரில் நாலு மணி நேரம் போகவேண்டும். ஆனால் மகாராணி அந்தப் பக்கம் திரும்பினால்தானே!

அப்பன்காரன் ஆமஸ், சிங்கி இறால் பிடிக்கிறவர். அவராவது புத்தி சொல்வார் என்று கூப்பிட்டால், மகள் பெரிய கல்லூரி கேட்கிறாள் என்று அவருக்கு ஒரே பூரிப்பு. முதல் சுற்றிலேயே கேட்பவர்கள், 'சேர்த்துக்கொண்டால் வந்தே தீருவேன்' என்று உறுதி தரவேண்டும். பெற்றவரும் பள்ளியும் கூடவே கையெழுத்துப் போடவேண்டும். ஆமஸ்தான் முதலில் போட்டார்.

"இந்தப் படகு என்னோட போகட்டும் மிஸ். இவ கால் இனிமே அதுல படக்கூடாது."

அவள் தன்னைப் பற்றி எழுதவேண்டிய கட்டுரை இன்னும் மோசம். மற்ற பிள்ளைகள் லட்சியம், சேவை என்று எழுதுவார்கள். இவள், இறால் கூண்டில் வைக்கிற அழுகல் மீன் நாற்றம் தலைமுடியை விட்டுப் போவதே இல்லை என்று ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தாள்.

மாற்றி எழுதச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தாள் டொரீன். "இதுவே இருக்கட்டும் மிஸ்" என்று பதில் வந்தது. வகுப்பில் பாதி நேரம் தூக்கம் வேறு. திமிர்தான், வேறென்ன?

டிசம்பரில் முடிவு வரும் நாளன்று, டொரீன் அவளைத் தன் அறையிலேயே உட்காரவைத்துக் கம்ப்யூட்டரைத் திறக்கச் சொன்னாள். அழுவாள், அழுது முடித்ததும் மாநிலக் கல்லூரிக்குப் போடவைத்துவிடலாம் என்பது கணக்கு.

சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். செலவு முழுக்க அவர்களுடையதாம். கட்டுரையைப் பாராட்டி ஒரு வரி வேறு.

டொரீன் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். உடனே ஆமஸுக்குச் சொல்ல போனை எடுத்தாள். கொரின்னா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அப்பாகிட்ட சொல்லாதீங்க மிஸ்."

"உனக்கென்ன பைத்தியமா?"

"போன வசந்தத்துல கூண்டுக் கயிறு அவர் காலைச் சுத்திக் கடலுக்குள்ள இழுத்துடுச்சு. நான் கூட இருந்ததால அறுத்துவிட்டேன். இப்ப அவர் கையில பிடிமானமே இல்லை. கூட ஆள் வச்சுக்கவும் மாட்டேங்கிறார். தினமும் விடியறதுக்கு முன்னாடி நான்தான் சண்டை போட்டுப் படகுல ஏறிக்கிறேன். ஒரு கல்லூரிக்காவது போட்டே ஆகணும், கிடைச்சா போயே ஆகணும்னு சத்தியம் வாங்கிட்டார்."

டொரீன் போனைக் கீழே வைத்தாள்.

"அப்புறம் ஏன்மா இதுக்குப் போட்டே?"

கொரின்னா உடைந்துபோய் அழுதாள்.

"நீங்கதானே மிஸ் சொன்னீங்க, அங்க எனக்குக் கண்டிப்பா கிடைக்காதுன்னு?"